கால் குத்தாமல் எட்டு மாதம்

போன ஓணத்துக்கு எங்கள் ஊர் கிளப்புக்காரர்களுக்குத் திடீரென்று தொண்ணூறுகளின் ஞாபகம் வந்துவிட்டது. பழைய பாட்டு, பழைய மிட்டாய், பழைய விளையாட்டு என்று எல்லாம் பழையதாக வேண்டுமாம். பழைய ஆள் ஒருவனும் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு காலத்தில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் ஸ்லோ சைக்கிளில் என்னை அடிக்க ஆள் கிடையாது என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது நான்தான்.

ஸ்லோ சைக்கிள் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடைசியாக வருகிறவனுக்குத்தான் பரிசு. நடுவில் கால் தரையில் குத்தினால் அவுட். மைக்கில் என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார்கள். அந்த நாலு வார்த்தையிலேயே எனக்குப் பாதி தலை சுற்றிவிட்டது. ஏறினேன். மூன்று எண்ணுவதற்குள், பெண்கள் காலையிலிருந்து குனிந்து குனிந்து இட்ட பூக்களத்தின் நடுவில் மல்லாந்து கிடந்தேன். செண்டுமல்லி மூக்கில் ஏறிவிட்டது. தூக்கிவிட நாலு பேர் ஓடி வந்தார்கள். அதில் மூன்று பேர் பக்கத்தில் நின்று சிரிப்பதற்காக வந்தவர்கள்.

இவன் எந்த ஊர் சாம்பியன் என்று அன்றைக்குப் பலரும் கேட்டார்களாம். அதற்குப் பதில்தான் இது. நான் சொல்கிறேன், என் மகள் எழுதுகிறாள். எனக்கும் எழுத்துக்கும் மூன்றாம் வகுப்பிலேயே பிணக்கு. இரண்டு பக்கமும் இதுவரை யாரும் சமாதானம் பேசவில்லை.

தொண்ணூறுகளை நினைத்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கேசட்டும் பேனாவும் ஞாபகம் வருமாம். எனக்கு அயிலை மீன் நாற்றம் ஞாபகம் வரும். அப்போது நான் சைக்கிளில் மீன் விற்றேன். வெளுக்கும்போது பொழியூர் கடற்கரைக்குப் போய் மீன் எடுத்து, பெட்டியில் ஐஸ் போட்டு, கேரியரில் கட்டி, கொல்லயில் என்ற ஊர்ப் பக்கத்துச் சந்துகளில் 'பூஊய்' என்று கூவிக்கொண்டு வருவேன். வயது இருபத்து நாலு. இடுப்பு இருந்தது. தலையில் முடி இருந்தது, அதுவும் முன்னால் குருவி கூடு கட்டலாம் போல. நான் ஒரு அழகன் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். வேறு யாருக்கும் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. ஊரில் என்னை ஆவலோடு எதிர்பார்த்தது பூனைகள்தான்.

அந்தச் சந்துகளில் ஒன்றில் ஒரு ரயில்வே கேட்மேன் வீடு இருந்தது. லெவல் கிராசிங்கில் வேலை. பச்சைக்கொடியைப் பிடித்தபடி, போகிற வண்டியைக் கடைசிப் பெட்டி மறையும் வரை பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள். வீட்டிலும் அதே பழக்கம். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சந்தில் போகிற ஆடு, மாடு, ஆள் எல்லாவற்றையும் வால் மறையும் வரை பார்ப்பார். ஒரு நாள் அவர் வீட்டுக்குச் சம்பந்தக்காரர்கள் விருந்துக்கு வந்தார்கள். என்னிடம் ஒரு கூறு அயிலை வாங்கினார்கள். அந்த அயிலையைப் பற்றி இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம். தான் செத்துப்போனதே அதற்கு மறந்துபோயிருக்கும். தேதி படிக்கத் தெரியாதவனிடம் மீனுக்கு மட்டும் எப்படித் தேதி இருக்கும்?

வீட்டாரும் விருந்தாளிகளும் இரண்டு நாள் வரிசையில் நின்றார்கள். எதற்கு வரிசை என்று மகள் எழுத மாட்டேன் என்கிறாள். மூன்றாம் நாள் நான் கூவிக்கொண்டு வந்தபோது கேட்மேன் நடுச்சந்தில் நின்று கையை நீட்டி மறித்தார். பத்து நிமிஷம் பேசினார். முடிவாகச் சொன்னது இது:

"எலே, இனி ஒனக்க சைக்கிளு எனக்க வீட்டுக்கு முன்னால நிக்கப்பிடாது. ஒனக்க காலு இந்த மண்ணுல குத்தப்பிடாது. குத்தினா நான் ஆளு வேறயாக்கும்."

சரி சாரே என்றேன். சொல்லும்போதே அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டேன். வாசலில் அவருடைய மகள் நின்றாள். இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்ததில் முகம் வாடிப்போய், தூணில் சாய்ந்து நின்றாள். அப்பா என்னை ஏசுவதைக் கேட்டு, வலிக்கிற வயிற்றை அமுக்கிக்கொண்டு சிரித்தாள். என் மீனைத் தின்று ஒருத்தி சாகாமல் இருந்ததே பெரிசு. சிரிக்கவும் செய்கிறாளே என்று அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது என் கஷ்டத்தைப் பாருங்கள். அவளைப் பார்க்க வேண்டும், ஆனால் நிற்கக் கூடாது. வேகமாகப் போனால் ஒரு நொடியில் வீடு தாண்டிவிடும். யோசித்ததில் எனக்கு ஒரு சங்கதி பிடிபட்டது. அவர் நிற்கக் கூடாது என்றுதான் சொன்னார். மெதுவாகப் போகக் கூடாது என்று சொல்லவில்லையே.

மறுநாளிலிருந்து அந்த மதிலின் இந்த முனையில் நுழைந்தால் அந்த முனைக்குப் போய்ச் சேர எனக்கு ஒரு யுகம் ஆகும். பிரேக்கைப் பாதி பிடித்து, ஹேண்டிலை இடதும் வலதுமாக நெளித்து, பின்பக்கத்தால் எடையைத் தாங்கி, மூச்சைக்கூட அளந்து விட்டுப் போவேன். பின்னால் மீன்பெட்டியில் ஐஸ் உருகி, நான் போன வழியெல்லாம் மண்ணில் வளைந்து வளைந்து கோடு விழும். என் வாழ்நாளில் நான் எழுதிய நீளமான எழுத்து அதுதான். அந்த நேரம் அவள் துணி காயப்போடுவாள். மதிலுக்கு மேலே தலையும் கைகளும் மட்டும் தெரியும். ஒரே தோர்த்துத் துண்டை மூன்று தடவை பிழிந்து, உதறி, கொடியில் போட்டு, திரும்பவும் எடுத்துப் பிழிவாள். பார்க்கவே மாட்டாள். ஒரு தோர்த்தில் அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கேட்மேனும் சும்மா இருக்கவில்லை. நாற்காலியை முற்றத்திலிருந்து கேட்டடிக்கு மாற்றினார். நான் வருகிறபோது பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, முழங்காலில் கையூன்றிக் குனிந்து என் பாதங்களையே பார்ப்பார். கால் குத்துகிறானா, குத்துகிறானா என்று. மழையிலும் குடையோடு வந்து உட்கார்ந்தார். இப்படி எட்டு மாதம். அவர் என் காலைப் பார்க்க, நான் அவர் மகளைப் பார்க்க, மகள் தோர்த்தைப் பார்க்க, பூனைகள் பெட்டியைப் பார்க்க. அடுத்த வீட்டு அக்கா ஒருத்தி சட்டியோடு காத்து நின்று காத்து நின்று சலித்துப்போய், "மக்கா, நீ அங்கேருந்து இங்க வாறதுக்குள்ள மீனு கருவாடா ஆயிருமே" என்றாள்.

என் ஆசை பெரிதொன்றும் இல்லை. அந்த வீட்டு முன்னால் ஒரே ஒரு தடவை கால் குத்தி நிற்க வேண்டும். நின்று அவளிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும். அதற்கு அவர் வாயால் அந்தத் தடை நீங்க வேண்டும். அவ்வளவுதான்.

அப்போதுதான் ஓணம் வந்தது. கிளப்பின் செயலாளர் என் கூட்டுக்காரன். ஸ்லோ சைக்கிளுக்கு என் பேரைக் கொடுத்துவிட்டதாக வந்து சொன்னான். நான் தயங்கினேன்.

"ஒனக்கு இதுல ஒண்ணும் படிக்காண்டாம் மக்கா," என்றான். "கடைசியா வரணும், அம்பிடுதான். நீ பிறந்ததே அதுக்காக்கும்."

அதோடு இன்னொன்றும் சொன்னான். கால் குத்துகிறதைப் பார்க்க நல்ல கண் உள்ள ஒரு ஆள் வேண்டும் என்று கேட்மேனையே நடுவராகப் போட்டிருக்கிறார்களாம். பரிசு ஒரு ஏத்தங்குலை, முழு நேந்திரன் வாழைத்தார். அதை அவர் கையாலேயே கொடுக்க வேண்டும். என் மூளை முதலும் கடைசியுமாக அன்றைக்கு வேலை செய்தது. ஊர் முழுக்கப் பார்க்க அந்தக் குலையை என் கையில் தரும் மனிதர், அப்போது நான் பணிவாகக் கேட்டால், தடையை நீக்க மாட்டாரா?

திருவோணத்தன்று எங்கள் பக்கம் யாரும் மீன் வாங்க மாட்டார்கள். மீன்காரனுக்கு வருஷத்தில் கிடைக்கிற விடுமுறை அது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, வாசகசாலைக்கு முன்னாலுள்ள மைதானத்துக்குப் போனேன். அந்த வாசகசாலைக்குள் நான் ஒரு நாளும் ஏறினதில்லை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கடைசியில் இரண்டு பெண்கள் முடிவுக் கயிற்றைப் பிடித்து நின்றார்கள். மரத்தில் கட்டிய கோளாம்பி ஸ்பீக்கரில் ஒருவன் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகக் கத்திக்கொண்டிருந்தான்.

முதல் சுற்றில் எட்டுப் பேர். ஏழு பேரும் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, திரும்பி நின்று, ஆளுக்கொரு பீடி பற்ற வைத்து முடிக்கிற வரைக்கும் நான் வந்துகொண்டே இருந்தேன். கூட்டம் கை தட்டியது. கேட்மேன் என் கூடவே குனிந்தபடி நடந்து வந்தார். அவருக்கும் எனக்கும் பழகிய வேலை அது. கடைசியில் நிமிர்ந்து, குத்தவில்லை என்று கையை ஆட்டினார். முகத்தில் ஒரு பெருமை தெரிந்த மாதிரி எனக்குத் தோன்றியது. எட்டு மாதமாக அவர் பார்த்து வளர்த்த காலல்லவா.

இறுதிச் சுற்றில் என்னோடு மிஞ்சியது பால்காரன் ஒருவன். பால் தளும்பாமல் ஓட்டிப் பழகியவன், கெட்டி ஆள். இரண்டு பேரும் கோட்டில் நின்றோம். அப்போது முடிவுக் கயிற்றைப் பிடித்திருந்த ஒருத்திக்குத் திருவாதிரைக்களி நடனம் ஆட நேரமாகிவிட்டதாம், போய்விட்டாள். செயலாளர் கூட்டத்துக்குள் கையை விட்டு, கிடைத்த ஒரு பெண்ணை இழுத்துக் கயிற்றைக் கையில் கொடுத்தான்.

கேட்மேன் மகள்.

எட்டு மாதமாக மதிலுக்கு மேலே பாதியாகவே பார்த்தவளை மறுபடியும் முழுசாக அன்றைக்குத்தான் பார்க்கிறேன். நடுவில் மதில் இல்லை, தோர்த்து இல்லை. விசில் ஊதினார்கள். அவள் என்னைப் பார்த்தாள், சிரித்தாள். கயிறு பிடிக்காத கையை ஆட்டி வா, வா என்று கூப்பிட்டாள். கோட்டில் ஒரு ஆட்டுக்குட்டி வந்து நின்றதாகவும், அதை விரட்டத்தான் கையை ஆட்டினதாகவும் பிறகு சொன்னாள். நான் எந்த ஆட்டையும் பார்க்கவில்லை.

நான் மிதித்தேன்.

மெதுவாகப் போவது அவள் பக்கத்தில் இருக்கத்தானே. அவள் அங்கே நின்றால் நான் இங்கே எதற்கு நெளிய வேண்டும்? இதெல்லாம் இப்போது யோசித்துச் சொல்வது. அப்போது யோசித்தது கால்கள்தான். சீட்டிலிருந்து எழுந்து, தலையைத் தாழ்த்தி, மணி அடித்துக்கொண்டு பறந்தேன். கயிற்றை நெஞ்சால் அறுத்துக்கொண்டு போய், வடம்வலிக்கு, அதாவது கயிறு இழுக்கும் போட்டிக்கு, வைத்திருந்த கயிற்றுக் குவியலில் ஏறி நின்றேன். இரண்டு கையையும் தூக்கினேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

திரும்பிப் பார்த்தேன். பால்காரன் அப்போதுதான் முதல் மிதி மிதித்திருந்தான். பிறகு சிரிப்பு கிளம்பியது. எனக்குத் தெரிந்து அந்த மைதானத்தில் அவ்வளவு பேர் ஒன்றாகச் சிரித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கோளாம்பியில் கத்துகிறவனின் சிரிப்பும் மைக் வழியாக ஊர் முழுக்கப் போனது. குலை போயிற்று, தடை நீங்குகிற வழியும் போயிற்று.

கேட்மேன் மட்டும் சிரிக்கவில்லை. மெல்ல நடந்து என்னிடம் வந்தார்.

"எலே, எட்டு மாசமா எனக்க வீட்டு முன்னால நத்தை மாதிரி இழைஞ்சியே. எங்கிட்ட உள்ள வாசியில, வீம்புலன்னுல்லா நான் நெனச்சேன்."

"வாசி ஒண்ணும் இல்ல சாரே."

"பின்ன இன்னைக்கு என்னத்துக்கு இந்தப் பாய்ச்சல்?"

என் கண் என்னைக் கேட்காமல் அந்தப் பக்கம் போனது. அறுந்த கயிற்றின் ஒரு துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் குனிந்து நின்றாள். அவரும் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார். கடைசிப் பெட்டி மறையும் வரை பார்க்கிற மனிதர், எட்டு மாதமாக என் காலைப் பார்த்து ஏமாந்திருக்கிறார். அது அவருக்கே விளங்கியது, காது சிவந்தது. அடி விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நாளைக்குச் சைக்கிளு நிக்கட்டு," என்றார். "ஆளு வந்தா போதும். மீனு வராண்டாம்."

மறுநாள் போனேன். மீன் இல்லாத சைக்கிள் எனக்குப் பிடிபடவே இல்லை, காற்றில் பட்டம் போல இழுத்தது. அந்த வீட்டு முன்னால் பிரேக் பிடித்து, இடது காலைத் தரையில் குத்தினேன். உடம்பெல்லாம் கூசியது. யாரும் வேறு ஆளாகவில்லை. உள்ளே வரச் சொன்னார், நாற்காலியும் போட்டார். என் வீட்டைப் பற்றி இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டதாகவும், மோசமில்லை என்றதாகவும், மீனைப் பற்றித் தனக்கே தெரியுமாதலால் யாரிடமும் கேட்கவில்லை என்றும் சொன்னார். மகளின் மனசு என்ன என்று அவளுடைய அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எனக்க மோளுக்க பேரு என்னதுன்னு தெரியுமா ஒனக்கு?"

எனக்குத் தெரியாது. எட்டு மாதத்தில் யாரிடமாவது கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் சாயாக்கடையில் அதுதான் பேச்சாகியிருக்கும். வீட்டில் மோளே என்று கூப்பிடுவது மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது. மீனின் பேரெல்லாம் சொல்லுவேன். சாளை, அயிலை, நெத்தோலி, வாளை என்று கடலில் உள்ளதெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, முழங்காலில் கையூன்றி, இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளறையிலிருந்து அவளே சொன்னாள், தன் பேரை. கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். சந்தில் போன இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.