கால்விரல் முடிச்சு

மிஷன் ஆஸ்பத்திரியில் இறந்தவர்களைக் குளிப்பாட்டி வீட்டுக்கு அனுப்பும் பெண்மணி அவர். முன்பல் இரண்டு இல்லை. அதை மறைக்காமல் சிரிப்பார். என் அண்ணனின் கால் பெருவிரல்களை வெள்ளை நாடாவால் சேர்த்துக் கட்டினார். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. எல்லோருக்கும் அப்படித்தான் போடுவாராம்.

"பெட்டிய மூடுயதுக்கு முன்ன அவுத்து விட்டிரணும், கேட்டியா மக்கா? கர்த்தரு விளிக்கும்ப அண்ணன் சாடி எழும்பணும். கால் தட்டி விழுந்தா நாணக்கேடுல்லா?"

நம்பிக்கையில்லாத நான் சரியென்று தலையாட்டினேன்.

அடக்கத்தன்று, எங்கள் வட்டாரம் தமிழ்நாட்டோடு சேரக் கோரும் போராட்டச் செய்தியை, பத்திரிகை நிருபரான நான் நாலு மணிக்குள் தந்தியில் அனுப்ப வேண்டியிருந்தது. பெட்டியைச் சீக்கிரம் மூடச் சொன்னவன் நான்தான். தந்தி ஆபீசில் நிற்கும்போதுதான் முடிச்சு நினைவுக்கு வந்தது.

மறுமாதம் ஆஸ்பத்திரி வாசலில் என்னைக் கண்டதும் அந்த அம்மாள் ஓடி வந்தார்.

"கெட்டை அவுத்தியா மக்கா?"

"அவுத்தேன்."

"ஸ்தோத்திரம்! இனி என்ன கவலை?" என்று கைதட்டிச் சிரித்தார்.

உயிர்த்தெழுதலை நான் இன்றும் நம்பவில்லை. ஆனால் ஈஸ்டர் மணி கேட்டால், எல்லோரும் எழுந்து போக, அண்ணன் மட்டும் குனிந்து கால்கட்டைப் பார்ப்பது தெரிகிறது. ஒரே இழுப்புதான், அண்ணனே அவிழ்த்துக்கொள்ளலாம். என்னைப் போல் மறப்பவர்கள் உண்டென்று தெரிந்துதான் அந்த அம்மாள் அப்படி முடிச்சுப் போட்டாரோ என்னவோ.