சின்னமனூரிலிருந்து தேனிக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்

எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை பிரிண்டருக்குள் சிக்கியிருந்த காகிதத்தைப் பிடித்து இழுத்தேன். அது வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் கம்ப்யூட்டர் தெரிந்தவன். மற்றவர்கள் அதை நம்பியதைக்கூட மன்னிக்கலாம். நானும் நம்பினேன் பாருங்கள், அதுதான் கேடு.

சின்னமனூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய டெஸ்க்டாப் உண்டு. நான் எழுதும் கட்டுரைகள் எல்லாம் அதில்தான். போன வருடம் மாமனார் தவறிய பிறகு அதில் இன்னொன்றும் சேர்ந்தது. அவர் கம்பத்தில் ஜீப் ஓட்டியவர். கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி இறக்கியே முப்பது வருடம் போயிற்று. கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, பனியனோடு உட்கார்ந்து பன்னீர் திராட்சை தின்றுகொண்டே பேசியதை என் மனைவி போனில் எடுத்திருந்தாள். நாலு நிமிட வீடியோ. மற்றப் படங்களில் எல்லாம் ரேஷன் கார்டுக்கு நிற்பவர் போல விறைத்து நிற்பார். அவர் குரல் இருந்தது இந்த ஒன்றில் மட்டும்தான். பனியனோடு இருக்கிறார் என்பதால் தம்பிக்குக்கூட அவள் அனுப்பவில்லை. "எங்கப்பாவ சட்டையில்லாம ஊரே பாக்கணுமாக்கும்?" என்பாள். அடுப்படி வேலை முடிந்ததும் தினமும் ஒரு தடவை பார்ப்பாள்.

நான் அதை முழுதாகப் பார்த்ததில்லை. வீடியோவின் ஓரத்தில் நான் குனிந்து எதையோ நோண்டிக்கொண்டிருப்பேன். என் வழுக்கை பளிச்சென்று தெரியும். அதற்குமேல் பார்க்க மனசு வராது.

ஒரு நாள் அவள் போனில் இடமில்லை என்று வந்தது. கம்ப்யூட்டர் தெரிந்தவன் வீட்டில் இருக்கும்போது என்ன கவலை? எல்லாவற்றையும் டெஸ்க்டாப்புக்கு மாற்றிவிட்டு, போனில் இருந்ததைச் சுத்தமாகத் துடைத்தேன்.

"அப்பா வீடியோ அழிஞ்சிராதே?"

"பேங்க் லாக்கர்ல வச்ச மாதிரி இருக்கும்" என்றேன்.

அதன்பிறகு தினமும் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவாள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. பைக், மிக்ஸி, கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ் என்று வரிசையாகச் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தேன். பன்னீர் கொஞ்சம் தாராளமாக விட்டுக் குழைத்திருந்தேன். டெஸ்க்டாப் பெட்டிக்கு வந்ததும் பவர் பட்டன்மேல் அழகாக ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன்.

"பட்டன் மேலயா வப்பாக? தள்ளி வைங்க" என்றாள்.

"மனுசனுக்கு நெத்தி, மிசினுக்குப் பட்டன்" என்றேன். எப்படிப்பட்ட விளக்கம்!

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துப் பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அணைந்துவிட்டது. வயரைப் பிடுங்கிச் செருகினால் மறுபடியும் அதே நாலு நொடிதான்.

வோல்டேஜ் கோளாறு என்று முதலில் மின்சாரத்தைத் திட்டினேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்தானே. அப்புறம் பெட்டியைத் திறந்தேன். ரேம் மெமரியை உருவிப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். நாணயம் போலிருந்த பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். அலுவலக நண்பரிடம் பழைய பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கி மாற்றினேன். மூன்று நாள் முன்னறை முழுக்கச் செய்தித்தாள் விரித்து வேலை நடந்தது. முடிவில் மிஞ்சியவை ஆறு ஸ்க்ரூவும் அதே நாலு நொடியும்.

நாலாம் நாள் அவள் வாசற்படியில் நின்று கேட்டாள். "அப்பா வீடியோ உள்ளதான இருக்கு?"

"எங்க போகப் போகுது? டிஸ்க்க மட்டும் தேனிக்குக் கொண்டுபோனா அஞ்சு நிமிசத்துல எடுத்துருவாக."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த நிமிடம் வரை டிஸ்க்குக்கு ஒரு குறையும் கிடையாது. கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பிய பிறகுதான் அதற்குச் சனி பிடித்தது.

டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துச் சீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். கேட்டால் சும்மா இருக்க முடியுமா? துண்டைப் பிரித்துக் காட்டினேன். "இதுக்குள்ள தட்டு சுத்தும். அதுமேல ஒரு முள்ளு. சின்ன அதிர்ச்சிகூடப் படக்கூடாது" என்று விளக்கிக்கொண்டிருந்தபோது வீரபாண்டி வேகத்தடை வந்தது. டிஸ்க் எகிறி பஸ்ஸின் இரும்புத் தரையில் விழுந்தது.

"இம்புட்டு அதிர்ச்சி படலாமாண்ணே?" என்று கேட்டார் பக்கத்துச் சீட்டுக்காரர். கிண்டலில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

தேனியில் ஒரு மாடிக்கடை. அழிந்த தகவலை மீட்டுத் தருவதில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கிய ஒரு பெண் நடத்துகிறாள். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். டிஸ்க்கை மாட்டியதும் டிக், டிக் என்று பல்லி மாதிரி சத்தம் வந்தது. உடனே நிறுத்திவிட்டாள்.

"கீழ போட்டீகளாண்ணே?"

"இல்லையே. மடியிலயே வச்சிருந்தேன்."

அவள் டிஸ்க்கின் மூலையைத் திருப்பிக் காட்டினாள். நசுங்கிய இடத்தில் பஸ் தரையின் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. நாற்பத்தேழு வயதில், வாத்தியார் முன்னால் நிற்பது போல, பெட்டி நாலு நொடியில் அணைவதிலிருந்து பஸ்ஸில் விழுந்தது வரை உண்மையைச் சொன்னேன்.

"உள்ள அடிபட்டிருக்கு. திரும்பத் திரும்ப ஓட்டுனா மொத்தமும் போயிரும். கொஞ்சங் கொஞ்சமாத்தான் சுரண்டி எடுக்கணும். பாதியில செத்தாலும் செத்துரும். மொதல்ல எது வேணும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

மூன்று வருடக் கட்டுரைகள் என்று நாக்கு நுனி வரை வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. விழுங்கிவிட்டு, "வீடியோ. என் மாமனாரு திராட்சை திங்கிற வீடியோ" என்றேன்.

"சரிண்ணே. அப்ப பெட்டி எதுக்கு அணையுதுன்னும் பாத்துருவோம். நாளைக்கு அதையும் கொண்டாங்க."

மறுநாள் பெட்டியோடு போனேன். அதன் முகத்தைப் பார்த்த உடனே அவள் ஒரு குண்டூசியை எடுத்தாள். பட்டனைச் சுற்றிக் கீறினாள். காய்ந்த சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே அமுங்கிக் கிடந்த பட்டன் 'டப்'பென்று வெளியே வந்தது.

"பட்டன் அமுங்கியே கெடந்தா, அணைக்கச் சொல்றோம்னு நெனச்சு நாலு நொடியில அணைஞ்சிரும்ணே. வேற ஒரு கோளாறும் இல்ல. சந்தனம் நல்ல வாசம், எந்தக் கடையில வாங்குனீக?"

பெட்டி அணையாமல் ஓடியது. டிஸ்க்கைக் காணோம் என்று திரையில் எழுதிக் காட்டியது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் கதைதான் என் கதை.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டவில்லை. தட்டில் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், போய்விட்டாள். எட்டு நாள் அப்படித்தான் போயிற்று. அடுப்படி வேலை முடிந்ததும் என் நாற்காலியில் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து போவாள்.

ஒன்பதாம் நாள் கடையிலிருந்து போன் வந்தது. டிஸ்க் செத்துவிட்டது. கட்டுரைகள் ஒன்றுகூட வரவில்லை. வீடியோவில் கடைசிப் பகுதி மட்டும் கொஞ்சம் பிழைத்திருக்கிறது, படம் நின்று நின்றுதான் வரும் என்றாள்.

பிழைத்ததைப் பென் டிரைவில் போட்டு வாங்கி வந்து டிவியில் செருகினேன். மனைவி தரையில் உட்கார்ந்தாள். மாமனாரின் முகம் வந்து, திராட்சையை வாயருகே கொண்டுபோன கோலத்தில் அப்படியே நின்றுவிட்டது. குரல் மட்டும் நிற்கவில்லை.

"மாப்ள, சுத்துற ஃபேன எதுக்குப் பிரிக்கிறீக? முப்பது வருசம் ஜீப்பு ஓட்டுனேன். ஓடுற வண்டியில ஒரு நா கை வச்சதில்ல."

போனைப் பிடித்திருந்த அவளுடைய அன்றைய சிரிப்பு கேட்டது. "சொன்னா கேக்குற ஆளாப்பா அவுக?"

அவ்வளவுதான், திரை இருண்டது. என் பக்கத்தில் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"இன்னொருக்கப் போடணும்" என்றாள்.

நான் ரிமோட்டை எடுக்கக் கையை நீட்டினேன்.

"நீங்க கை வைக்காதீக" என்று அவளே எடுத்துப் போட்டாள்.