மலைமேல் ஒரே ஒரு லைன்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மூன்றாம் மாடியில், ஏசி அறையில், வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பவர் 'லைன் அக்கா'. ரிப்போர்ட்டுகளை ஃபேக்ஸில் அனுப்ப ஐந்து ஊர்களில் ஐந்து சர்வர்கள். ஐந்துக்கும் வழி சொல்பவர் இவர். மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஒரு ரிப்போர்ட் போக வேண்டுமா? காசு பிடுங்கும் வெளியூர் போன் கால் எதற்கு? கம்பெனியின் சொந்த நெட்வொர்க்கிலேயே அடிவாரத்து சர்வர் வரை ஓடி, அங்கிருந்து உள்ளூர் போன் காலாக மேலே ஏறும். அங்கே கூட்டம் என்றால் பக்கத்து ஊர் சர்வர்கள் கை கொடுக்கும். நாளொன்றுக்கு ஒன்பதாயிரம் தாள். எது எந்த வழியில் வந்தது என்று பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரைக்கு மலை ஆஸ்பத்திரி நர்ஸ் செல்போனில் கூப்பிட்டார்.

"அக்கா, மூணு மணிக்கு ஆபரேஷன். நிறைமாசப் பொண்ணு. எந்த ரத்தம் சேரும்னு உங்க ரிப்போர்ட் இன்னும் வரலையே!"

"அனுப்பி அரை மணி ஆச்சேம்மா. வாயால சொல்லட்டுமா?"

"கையெழுத்து போட்ட பேப்பர் இல்லாம டாக்டர் ரத்தப் பையைத் தொடவே மாட்டாரு."

திரையில் அந்த ரிப்போர்ட்டுக்கு எதிரே 'பிஸி', 'பிஸி', 'பிஸி'. ஏழு முறை. மேனேஜர் பின்னால் வந்து நின்றார்.

"செலவு கிடக்கட்டும். அஞ்சு சர்வரையும் ஏவி விடுங்க. ஏதாவது ஒண்ணு உள்ள நுழைஞ்சிடும்."

விசைப்பலகைக்குப் போன அக்காவின் கை பாதியில் நின்றது.

"சிஸ்டர், உங்க மெஷின்ல இப்ப ஏதாவது வருதா?"

"வருதே! நேத்து ரிப்போர்ட்டெல்லாம். எல்லாம் உங்க பேப்பர்தான்."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "சார், வழிய மறிச்சிட்டு நிக்கிறதே நாமதான்!"

நேற்று தேங்கிய ரிப்போர்ட்டுகளை மூன்று சர்வர்கள் சமமாகப் பங்கு போட்டிருந்தன. அங்கே இருப்பதோ ஒரே மெஷின், ஒரே லைன். ஒரு சர்வர் பேசும்போது மற்ற இரண்டும் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பின. அவசர ரிப்போர்ட் தன் சர்வரில் முதல் ஆள்தான். ஆனால் அந்த சர்வருக்கு முறையே வரவில்லை.

"ஏவி விட்டிருந்தா?" என்றார் மேனேஜர்.

"இன்னும் ரெண்டு பேர் சண்டைக்குப் போயிருப்பாங்க."

மலைக்குப் போகும் மற்ற எல்லாத் தாளையும் அக்கா நிறுத்தினார். ஒரு சர்வர், ஒரு தாள். இரண்டு நாற்பத்தொன்று.

"வருது... வருதுக்கா..."

முப்பத்தெட்டு விநாடி. செல்போனை மேசையிலேயே விட்டுவிட்டு நர்ஸ் ஓடினார். கதவு அடித்துக்கொண்ட சத்தம், படியில் செருப்புச் சத்தம், "டாக்டர்!" என்ற குரல், எல்லாம் மூன்றாம் மாடி வரை கேட்டது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

நான்கே காலுக்கு அந்த செல்போனை யாரோ எடுத்தார்கள். நர்ஸ்தான்.

"இன்னும் லைன்லயா இருக்கீங்க? ரெண்டு உசுரும் நல்லாருக்குக்கா. குழந்தை அழுறது கேக்குதா?"

கேட்டது. அக்கா ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்தார். 'ஒற்றை லைன் நம்பர்களுக்கு ஒரே சர்வர்' என்று புது விதி எழுதிவிட்டு, நிறுத்திய நூற்றுப் பதினோரு தாள்களையும் ஒவ்வொன்றாக மலையேற விட்டார்.