ஓரங்குல வால்வு

சாருலதாவின் வலது தோள்மூட்டு மூன்றாவது முறையாக நழுவி இறங்கியபோது, அபிராமபுரத்தில் கிரிக்கெட் பயிற்சி மைதானம் நடத்தும் அச்யுத் ஓர் ஆட்டோகூடப் பிடித்துத் தரவில்லை. "பந்து போடத்தான் உன்னை வெச்சிருக்கேன். கை வரலேன்னா ஆத்துலயே உட்காரு," என்றார், பெற்றோர்கள் காதுபட.

பதினொரு வருடமாக அங்கே தினமும் முந்நூறு, நானூறு பந்து வீசியவள். மாநில அணியின் வாசல்வரை போய்த் திரும்பியவளுக்கு வேறு பிழைப்பும் தெரியாது. தோளில் கட்டோடு மறுநாளே வந்து நின்றாள்.

"காத்தழுத்தத்துல பந்து வீசற மெஷின் நானே செய்யறேன், சார். பேட்ஸ்மேன் பக்கத்துல நின்னு ரிமோட்ல தட்டுவேன்."

"செஞ்சு கிழி," என்றார் அச்யுத்.

பஞ்சர் கடை ஒன்றில் பழைய கம்ப்ரெசர் கிடைத்தது. டென்னிஸ் பந்து நுழையும் இரும்புக் குழாயும் அகப்பட்டது. அதன் காற்றுத் தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே, மின்சாரத்தில் தானாகத் திறக்கும் வால்வு வேண்டும். தி. நகரில் காஷிஃபின் உதிரிபாகக் கடையில் கட்டைவிரல் அளவு வால்வு ஒன்றை வாங்கினாள். நல்ல அழுத்தம் தாங்கும் என்று அதில் எழுதியிருந்தது. அது போதும் என்று நினைத்துவிட்டாள்.

சோதனையன்று ரிமோட்டைத் தட்டினாள். புஸ்ஸென்று இழுவையாக ஒரு சத்தம். பந்து குழாய் வாயிலிருந்து வழிந்து தரையில் உருண்டது. அச்யுத் கைதட்டினார். "வாந்தின்னா எடுக்கறது!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நேரே கடைக்குப் போய் வால்வை மேஜையில் எறிந்தாள். "என்ன சாமான் குடுத்தீங்க?"

"கோவத்த சாமான் மேல காட்டாதக்கா," என்றான் காஷிஃப். "அழுத்தம் தாங்குமான்னு கேட்ட. எவ்ளோ வேகமா காத்து போவணும்னு கேட்டியா? ஓட்டை சின்னதா கீது. ஊசி வழியா ஊதுனா பந்து எப்டி பறக்கும்?"

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"பந்து வீசறதுக்குன்னு நீ சொன்னியா?"

சொல்லவில்லை. சிரிப்பான் என்று பயந்திருந்தாள்.

இரண்டு ஓரங்குல வால்வுகளை எடுத்து வைத்தான். ஒன்று தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது. "இது தண்ணிக்கு செஞ்சது. காத்துக்கு வெச்சு வெடிச்சா எங்கிட்ட வராத." மற்றது ஆலைகளில் காற்றடித்துத் தூசி உதறுவதற்கு, சட்டென்று திறந்து சட்டென்று மூடுவது, பேட்டரியில் ஓடும். அதையே எடுத்தாள்.

இம்முறை பந்து குறி பிசகாமல் இருபது கஜம் பறந்து வலையில் அறைந்தது. பெற்றோர்களிடம் அச்யுத் அதைத் தன் கண்டுபிடிப்பு என்றார். மாலையில் அவளைக் கூப்பிட்டார்.

"மெஷின் என் இடத்துல பண்ணினது, இங்கேயே இருக்கட்டும். ரிமோட்டை யார் வேணா தட்டலாம். நாளைலேருந்து நீ வராதே."

சாருலதா கம்ப்ரெசரை நிறுத்தினாள். தொட்டியிலிருந்த காற்றை முழுக்க வெளியேற்றினாள். இடக்கையால் ஸ்பேனரைப் போட்டு வால்வைக் கழற்றினாள்.

"திருட்டு! போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. வாங்கினது நான். குழாயும் கம்ப்ரெசரும் வெச்சுக்கோங்க. வாயால ஊதி வீசுங்க."

இப்போது அவள் பெருங்குடியில், ஒரு மொட்டைமாடிச் செயற்கைப் புல்தரையில், அலுவலகம் போகும் பெண்களுக்குக் காலையில் பயிற்சி தருகிறாள். இயந்திரத்தை அங்கே புதிதாகவே கட்டிவிட்டாள். போன மாதம் அச்யுத் ஆள் அனுப்பி வேலைக்குத் திரும்பச் சொன்னார். அவள் வந்தவர் முகத்துக்கு நேரே வலைக்கதவைச் சாத்திவிட்டு அடுத்த பந்தைக் குழாய்க்குள் போட்டாள்.