மார்லினுக்குப் பக்கத்து இருக்கை

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்ற வரும் கலியபெருமாள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் குரல் கொடுப்பதில்லை. ஜன்னலருகே வந்து நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பொழுது விடிந்தும் விடியாத நேரத்தில், அறுபதைத் தொடப்போகும் ஒருத்தி சேலைக்கு மேல் தொளதொளவென்று பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்துவதை அவர் வேறு எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. முதல்முறை பதறிப்போய், "என்னாக்கா, எதுனா கெட்ட சேதியா?" என்று கேட்டார். ஃபுட்பால் என்றேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "காலால ஒதைக்கவே காணும்? பந்தக் கட்டிப்புடிச்சிக்கிட்டு ஓடறான். இவனுங்க அவன் மேல வுழுந்து அமுக்கறானுங்க. நம்ம கபடிதான்க்கா இது" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவ்வளவு தப்பாகவும் தோன்றவில்லை.

கனடாவின் நடுவில், கோதுமை வயல்களைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத சஸ்காட்சுவான் மாகாணத்தில் என் பாதி ஆயுள் போயிற்று. என் வீட்டுக்காரர் அங்கே லாரிப் பட்டறையில் வேலை பார்த்தார். நான் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருந்தேன். அங்கே சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம் என்றால் கடலூரில் ஞாயிறு காலை. அமெரிக்க ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கனடா ஃபுட்பாலை அதன் சின்னத் தம்பி என்று நினைப்பார்கள். எங்களிடம் அப்படிச் சொன்னால் சண்டைதான் வரும். அமெரிக்காக்காரனுக்குப் பந்தை முன்னே கொண்டுபோக நான்கு வாய்ப்பு, எங்களுக்கு மூன்றுதான். ஆனால் கம்பங்களுக்கு நடுவே உதைக்கப் பார்த்துத் தவறவிட்டால்கூட, பந்து போய் விழும் இடத்தைப் பொறுத்து ஒரு புள்ளி கொடுத்துவிடுவார்கள். குறி தப்பியவனையும் வெறுங்கையோடு அனுப்பாத ஆட்டம் எது என்று சொல்லுங்கள். இப்போது அந்த விதியை மாற்றுகிறார்களாம், மைதானத்தையும் சுருக்குகிறார்களாம். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு கூத்து, எங்கள் அணியின் ரசிகர்கள் தர்பூசணியைக் குடைந்து தலைக்கவசம்போல் கவிழ்த்துக்கொண்டு அரங்கத்துக்கு வருவார்கள். அந்தப் படத்தைக் கலியபெருமாளிடம் காட்டினேன். "திருஷ்டி கழிக்கறாங்களாக்கா?" என்று கேட்டார்.

என்னை முதன்முதலில் அரங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் மார்லின். சமையலறையில் எனக்கு மேற்பார்வையாளர், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள், பேச்சில் கறார். போய்ச் சேர்ந்த முதல் ஆண்டு எனக்கு அங்கே பேசக்கூட ஆளில்லை. என் முகத்தைப் பார்த்து அவளுக்கு என்ன தோன்றியதோ, ஒரு டிக்கெட்டைக் கையில் திணித்துக் கூடவே கூட்டிப்போனாள். ஆட்டம் ஒன்றும் புரியாவிட்டாலும் பச்சைச் சட்டைக்காரர்கள் நம்மவர்கள் என்பது மட்டும் தெரிந்தது. பந்து அவர்கள் கைக்கு வந்ததும், எங்கள் சிதம்பரத்துப் பிள்ளைகள் கபடிக்கு எழுப்பும் சத்தத்தையெல்லாம் சேர்த்து ஒரு கூச்சல் போட்டேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மார்லின் பட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

உடம்பு கூசிப்போயிற்று. வெள்ளைக்காரர்கள் நடுவே நம்மவள் வாயைத் திறந்தால் இதுதான் மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கைப்பையை எடுத்தேன். அதற்குள் பந்து எதிராளி கைக்குப் போனது. அவ்வளவு நேரம் கோயில் கருவறை வாசல் மாதிரி அடங்கியிருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று காட்டுக் கத்தல் கத்தியது. மார்லின் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, "இப்போ! இப்போ கத்து!" என்றாள். அவள் பிறகு விளக்கித்தான் விஷயம் தெரிந்தது. பந்து நம்மவர் கையில் இருக்கும்போது அவர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் குறிப்பு காதில் விழவேண்டும், அதனால் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அடுத்தவன் கையில் இருக்கும்போது அவனுக்கு எதுவுமே கேட்கக்கூடாது. பாசம் இருந்தால் சும்மா இரு என்கிற ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. அடுத்த ஆண்டே அவளுக்குப் பக்கத்து இருக்கையை என் பெயரில் வாங்கிக்கொண்டேன். ஆண்டுக்கொருமுறை பணம் கட்டிப் புதுப்பித்தால் எல்லா ஆட்டத்துக்கும் அந்த இடம் நமக்குத்தான். பனி கொட்டினாலும் ஒரு போர்வைக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்.

ஓய்வு பெற்றதும், "ஒரு வருஷம் ஊர்ல இருந்து பாக்கலாம்" என்று என் வீட்டுக்காரர்தான் ஆரம்பித்தார். வந்த மறுவாரமே அவர் மீன் மார்க்கெட்டில் பேரம் பேசத் தொடங்கிவிட்டார். என்னால் அப்படி ஒட்ட முடியவில்லை. சிதம்பரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனால், நான் குடித்து வளர்ந்த கிணறு கொல்லையில் இருக்க, அண்ணி எனக்கு மட்டும் கடையிலிருந்து பாட்டில் தண்ணீர் வரவழைக்கிறாள். இருந்து பார்க்கலாம் என்ற ஒரு வருஷம் முடிந்தது. அடுத்ததும் முடியப் போகிறது. அரங்கத்தில் என் இருக்கை மட்டும் இன்னும் என் பெயரிலேயே இருந்தது. அது இருக்கும்வரை நான் ஊருக்கு வந்திருக்கிறேன், அவ்வளவுதான். அதை விட்டுவிட்டால் திரும்பி வந்துவிட்டேன் என்று ஆகிவிடும்.

புரட்டாசியில் மார்லினிடமிருந்து செய்தி வந்தது. அவள் இன்னும் வேலை பார்க்கும் அந்தச் சமையலறைக்குப் பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு பெண் புதிதாக வந்திருக்கிறாளாம். யாருமில்லாத பெண், மதிய இடைவேளையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம். "அடுத்த ஆண்டுக்கு உன் இருக்கையை உனக்கே புதுப்பிக்கட்டுமா, அவளுக்கு விட்டுவிடுகிறாயா? அவசரமில்லை" என்று எழுதியிருந்தாள். கனடாக்காரர்கள் அவசரமில்லை என்றால் நாளைக்குள் சொல் என்று அர்த்தம். வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"உட்டுத் தொலையேன். இந்த வயசுல மறுபடியும் பனி வாரப் போறியா?"

"சீட்டு என் பேர்ல இருக்குதுங்க."

"இருந்தா? ரேஷன் கார்டா அது?"

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மார்லினுக்கும் பதில் போடவில்லை.

அந்த ஞாயிறு சிதம்பரத்தில் அண்ணன் பேத்திக்குக் காது குத்து. ஆட்டத்தின் பாதியில் கிளம்பவேண்டி வந்ததில் எரிச்சலோடு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போனைத் திறப்பதற்குள் வெளியேயிருந்து ஒரு கை நீண்டு பக்கத்து இருக்கையில் ஒரு துண்டைப் போட்டது. "அக்கா, பாத்துக்குங்க, டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று ஓர் ஆண்குரல். அவ்வளவுதான், ஊர்க்காவல் வேலை என் தலையில் விழுந்தது. ஏறுகிறவர்களிடமெல்லாம் "ஆள் வர்றாங்க, ஆள் வர்றாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். வண்டி கிளம்பியது. துண்டுக்காரர் வரவில்லை. முகம்கூடப் பார்க்காத மனிதருக்காக, நிற்கிறவர்கள் முறைக்க முறைக்க அந்த இடத்தைக் காத்தேன்.

முதுநகரில் ஒரு மீன்கார அம்மா ஏறினார். அன்னக்கூடையைக் காலடியில் தள்ளிவிட்டு, "யாருதும்மா துண்டு?" என்றார்.

"ஆள் இருக்காங்க."

"எங்க இருக்காங்க? டாய்லட்டுலயா? பஸ்ஸு ஹார்பர தாண்டப் போவுது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு வீம்பு. "போட்டுட்டுப் போனவங்க வந்து கேட்டா என்ன சொல்றது?" என்றேன்.

அந்த அம்மா துண்டை எடுத்தார். உதறி, அழகாக நான்காக மடித்து என் மடியில் வைத்தார். "வந்தா ஏந்துக்கப் போறேன். வர்ற வரைக்கும் சும்மா கெடக்கற சீட்டுல ஒரு மனுசி உக்காரக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. காலை மூன்று மணியிலிருந்து நிற்கிறேன் என்று முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். எனக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. மீன் வாடை என்று நினைத்தாரோ என்னவோ, கூடையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். கை நீட்டி அதை நான் பழைய இடத்துக்கே இழுத்து வைத்தேன்.

ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் மார்லினுக்கு எழுதிவிட்டேன். இருக்கையை அந்தப் பெண்ணின் பெயருக்கே மாற்றிவிடு, இந்த ஆண்டு மிச்ச ஆட்டங்களுக்கும் அவளே உட்காரட்டும், எப்போதாவது நான் வந்தால் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல் என்று. மார்லின் உடனே பதில் போட்டாள். ரொம்ப நன்றி, ஆனால் அரங்கத்தில் ஒரு எண்ணுக்கு ஓர் ஆள்தான், நகர்ந்து உட்கார அனுமதிக்கமாட்டார்கள், நீ வருவதானால் தனியாக டிக்கெட் எடுக்கவேண்டியிருக்கும் என்று அக்கறையோடு விளக்கியிருந்தாள். இரண்டு பேர் இருக்கையில் மூன்று பேரை உட்காரவைத்துக்கொண்டு சிதம்பரம் போய்க்கொண்டிருந்த பஸ்ஸில் அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். மீன்கார அம்மாவும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தார்.

போன ஞாயிறு விடியற்காலை ஆட்டம் தொடங்குமுன் மார்லின் ஒரு படம் அனுப்பினாள். என் இடத்தில் அந்தப் பெண். புதுப் பச்சைச் சட்டை, மடிப்புகூடக் கலையவில்லை. பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாராவது வந்து எழுப்பிவிடுவார்கள் என்பதுபோல இருக்கையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் பாதி இருக்கை காலியாகக் கிடந்தது. எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அந்தப் பிள்ளையை அப்படிப் பார்க்கப் பொறுக்கவில்லை. "நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொல், அது அவளுடைய இடம்" என்று மார்லினுக்கு எழுதினேன்.

அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். அடுப்படியில் என் வீட்டுக்காரர் ஏதோ பாடிக்கொண்டு காப்பி கலந்துகொண்டிருந்தார். இந்த வீடு எங்கள் பெயரில்தான் இருக்கிறது, நாற்காலியும் நான் பார்த்து வாங்கியதுதான். அதன் நுனியில், கைப்பேசியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நானும் உட்கார்ந்திருந்தேன்.