பாக்கியம் துறை

1956-ல் தங்கையா தன் மனைவி தனபாக்கியத்தோடு கப்பலில் தீவுக்கு வந்து இறங்கினான். சாத்தம் மர ஆலையில் கூலி வேலை கிடைத்தது. குடியிருக்கத்தான் இடம் இல்லை. மின்னி பே என்ற வளைகுடாவுக்கு அப்பால், கடல் சற்றே உள்வாங்கிய ஒரு கரையில் ஏழு குடும்பங்கள் காட்டை வெட்டிக் குடிசை போட்டன. அந்த இடத்துக்குப் பேர் கிடையாது. யாராவது கேட்டால் "அந்தப் பக்கம்" என்று கையை நீட்டுவார்கள்.

மூன்றாம் வருஷம் ஆடி மழையில் பக்கத்துக் குடிசை மரகதத்துக்கு இடுப்புவலி கண்டது. பாதையெல்லாம் முழங்கால் சேறு. ஆஸ்பத்திரிக்குப் படகில்தான் போக வேண்டும். ஆண்கள் எல்லாரும் ஆலைக்குப் போயிருந்ததால் தனபாக்கியம் துணைக்கு ஏறினாள். கொஞ்ச தூரத்திலேயே படகு கவிழ்ந்தது. படகுக்காரன் ஆட்களைக் கூட்டிவரக் கரைக்கு நீந்தினான். தனபாக்கியம் மரகதத்தைக் கவிழ்ந்த படகின்மேல் தள்ளி ஏற்றி, கீழிருந்து தாங்கிக்கொண்டாள். ஆட்கள் வந்து சேர்ந்தபோது மேலே மரகதம் இருந்தாள். கீழே யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் மரகதத்துக்குப் பெண் பிறந்தது. தனபாக்கியத்தின் உடல் கிடைக்கவே இல்லை. தங்கையாவிடம் அவளுடைய போட்டோ ஒன்றுகூடக் கிடையாது.

யார் ஆரம்பித்தார்களோ, அந்தக் கரையைப் பாக்கியம் துறை என்றார்கள். வங்காளிகளும் தெலுங்கர்களும் துறையை இந்தியில் மாற்றி 'பாக்கியம் காட்' என்றார்கள். மெயின்லேண்டிலிருந்து கடிதங்கள் அந்தப் பேரில் வந்தன. ஆலையில் எவனாவது "பாக்கியம் துறைக்குப் போறேன்" என்றால் தங்கையா அரத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நிற்பான்.

1971-ல் டூரிஸ்டுகளுக்கு விடுதி கட்டப்போவதாக அந்தக் கரையை அளந்து, பலகை நட்டார்கள். பலகையில் 'எமிலி பே' என்று இருந்தது.

தங்கையா அரைநாள் லீவு போட்டு நில அளவை ஆபீசுக்குப் போனான். கிளார்க் ஜெகநாதன் திருச்சிக்காரர், நல்ல மனுஷர். பழைய வரைபடத்தை விரித்துக் காட்டினார்.

"வெள்ளைக்காரன் காலத்து மேப், தங்கையா. அப்பவே இந்தப் பேர்தான் போட்டிருக்கான்."

"எமிலி யாரு சார்?"

"யாராவது துரையோட மகளா இருக்கும்."

"அந்தப் பொண்ணு இங்க வந்திருக்கா?"

"அது தெரியாதுப்பா."

"எம் பொண்டாட்டி இங்கதான் சார் செத்தா."

ஜெகநாதன் வரைபடத்தை மடித்து வைத்தார். பிறகு, "மனு எழுதலாம். இறப்புச் சான்றிதழ் இருக்கா?" என்றார்.

உடல் கிடைக்காததால் அப்போது யாரும் அதை எழுதித் தரவில்லை. சான்றிதழ் கேட்டு ஒரு வருஷம் அலைந்தான். பன்னிரண்டு வருஷத்துக்கும் மேலான சாவைப் பதிய முடியாது என்றார்கள். மனு போகவே இல்லை.

விடுதி வந்தது, தார் ரோடு வந்தது, பஸ்ஸும் வந்தது. ஒருநாள் பஸ்ஸில் முன் சீட்டில் மரகதம் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் கேட்டதும், "ஏக் எமிலி பே" என்று ஒரு டிக்கெட் கேட்டாள். திரும்பியபோது தங்கையாவைப் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"அப்படிச் சொன்னாத்தாண்ணே டிக்கெட் குடுக்கிறான்."

"சரிம்மா" என்றான்.

அவள் அழுதுகொண்டே வந்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்டக்டர் அவனிடம் வந்து, "கஹாங்?" என்று இறங்கும் இடம் கேட்டான். மறுபடியும் கேட்டான். பின்னாலிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"எமிலி பே" என்றான் தங்கையா.