கடைசிக் காட்சியில் அவள் சொன்னது

கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கமிருந்து கரமனைக்குக் குடிவந்தபோது எனக்கு மலையாளத்தில் இரண்டே வார்த்தை தெரியும். ஒன்று 'வேண்டா'. இன்னொன்று 'மதி', அதாவது போதும். இரண்டும் ஆளைத் திருப்பி அனுப்பத்தான் உதவும். உன் குணத்துக்கு அதுவே தாராளம் என்பார் என் வீட்டுக்காரர். அவர் பழவங்காடியில் ஒரு சைவ ஹோட்டலில் சூப்பர்வைசர். விடியுமுன் போனால் ஹோட்டலை அடைத்த பிறகுதான் வருவார். ஊருக்கெல்லாம் சோறு போட்ட அலுப்பில் படுத்துவிடுவார். நான் சாப்பிட்டேனா என்று ஒரு நாள் கேட்டதில்லை. கெட்ட மனுஷர் இல்லை. கேட்கத் தோன்றாது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் டிவி கிடையாது. அடுத்த வீட்டுச் சேச்சியிடம் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசி அது; கேபிளில் தமிழ்ச் சேனல் வர ஆரம்பித்திருந்தது. சாயங்காலம் ஏழரைக்கு ஒரு சீரியல், புகுந்த வீட்டில் அல்லாடும் ஒரு பெண்ணின் கதை. அந்த டைட்டில் பாட்டு மதில் தாண்டி வந்தால் எனக்குக் கையில் வேலை ஓடாது. ஆனாலும் போகமாட்டேன். அடுத்தவர் வீட்டில் சும்மா போய் உட்காரக் கூடாது, போனால் ஒரு வேலையாவது செய்துகொடுத்துவிட்டு வரவேண்டும், அது எங்கள் அம்மா வளர்த்த வளர்ப்பு. சேச்சி இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டு தடவையும் 'வேண்டா' சொல்லி அனுப்பினேன்.

மூன்றாவது தடவை வேறு மாதிரி வந்தார். தனக்குத் தமிழ் புரியவில்லை, நான் வந்து வசனத்தைச் சொன்னால் உண்டு, இல்லையென்றால் வெறும் படம்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். அப்படியா சேதி, இது வேலை, இதற்குப் போகலாம் என்று போனேன்.

இரண்டரை வருஷம் போனேன். ஒவ்வொரு வசனம் முடிந்ததும் சேச்சி என் பக்கம் திரும்புவார். "அவள் எந்தா பறஞ்ஞது?" அவள் என்ன சொன்னாள் என்று. நான் என் ஓட்டை மலையாளத்தில் சொல்வேன். அவர் அதைத் திருத்தி முழுசாகத் திருப்பிச் சொல்வார். நான் இன்னொரு தடவை சொல்லிப் பார்ப்பேன். அதற்குள் அடுத்த வசனம் ஓடிவிடும். போனதை நானே இட்டுக்கட்டுவேன்.

அங்கேதான் என் திருட்டுத்தனம் தொடங்கியது. ஒரு நாள் கதாநாயகி, காப்பி ஆறிப்போச்சு என்றாள். சேச்சி கேட்டபோது என் வாயில் வந்தது வேறு. நான் சாப்பிட்டேனா என்று கேட்க இந்த வீட்டில் ஒரு நாதியில்லை என்கிறாள் என்றேன். சேச்சி 'ம்' கொட்டினார். மறுநாளிலிருந்து எனக்காக மேஜைமேல் ஒரு தட்டு மூடியிருக்கும். புட்டும் கடலைக்கறியும், இல்லையென்றால் அவித்த கப்பைக்கிழங்கு, நம்ம மரவள்ளிதான். எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. குழந்தை உண்டாகவில்லையே என்று ஊரிலிருந்து ஃபோனில் குத்துகிறார்களாம் அவளை என்று ஒரு நாள் அள்ளிவிட்டேன். சேச்சி டிவியைப் பார்த்தபடியே, தனக்கும் ஏழு வருஷம் கழித்துத்தான் மகன் பிறந்தான், அவன் இப்போது துபாயில் இருக்கிறான் என்றார். நானும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் ஒரு துணிக்கடை கவுண்டரில் எனக்கு வேலை கிடைத்தது என்றால் அது அந்த மலையாளத்தால்தான். அந்த வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து படித்த மலையாளம். இதற்கெல்லாம் நன்றி என்று சேச்சியிடம் நான் நேரில் சொன்னது ஒரே ஒரு தடவை. அதையும் நேராகச் சொல்லவில்லை.

சீரியல் முடிய ஒரு வாரம் இருந்தது. எங்கள் தெருவில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்கார அண்ணாச்சி எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். ஒரு காலையில் நான் மதிலுக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு குரல் கேட்டது. "ஏன்யா, புதுச் சட்டையைப் பொசுக்கிட்டுப் பல்லைக் காட்டிட்டு நிக்கிறியே, உனக்கே நல்லாருக்கா?" யாரடா இது நம்ம ஊர்க்காரி என்று எட்டிப் பார்த்தேன். சேச்சி நின்றிருந்தார். அவரும் என்னைப் பார்த்துவிட்டார்.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அத்தனை வசனமும் அவருக்குப் புரிந்திருக்கிறது. அப்படியென்றால் நான் சேர்த்ததெல்லாம் என் சொந்தக் கதை என்பதும் புரிந்திருக்கிறது. அந்தக் காப்பி வசனத்தை நினைத்ததும் மானம் கப்பலேறியது. ஈரத்துணி வாளியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆறு நாள் போகவில்லை. ஏழரைக்குப் பாட்டு வரும். நான் வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டுவேன். சீரியல் போனால் போகட்டும், அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். 'அவள் எந்தா பறஞ்ஞது' என்று கேட்க ஆளில்லாத அந்த அரைமணி நேரத்தைத்தான் தாங்க முடியவில்லை. வீம்பு பிடித்து நானே கெடுத்துக்கொண்டேன், இனி எந்த முகத்தோடு போவேன் என்று அழுகையாக வந்தது.

கடைசி நாள். துலாமாச மழை, நம்ம ஐப்பசி மழைதான், சாயங்காலமானால் இடி. ஏழு இருபதுக்குச் சேச்சி குடையோடு வந்து என் வாசலில் நின்றார். நான் வழிவிடவில்லை. இத்தனை நாளும் என்னை வைத்து வேடிக்கை பார்த்தீர்களா, நான் என்ன உங்களுக்குக் கோமாளியா என்று பொரிந்து தள்ளினேன். தள்ளி முடித்த பிறகுதான் உறைத்தது, அத்தனையும் மலையாளத்தில், ஒரு பிழையில்லாமல் சொல்லியிருக்கிறேன்.

சேச்சி தமிழில் பதில் சொன்னார். அவருடைய அப்பா பொன்முடி எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தாராம். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தமிழ்க் கூலிக்காரர்களின் பிள்ளைகளோடு விளையாடி, மலையாளத்துக்கு முன்னால் தமிழ்தான் வாயில் வந்ததாம். பிறகு குடையை மடக்கிக்கொண்டு கேட்டார்.

"சும்மா வந்து உக்காருன்னா நீ வந்திருப்பியா?"

செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

இடி இடித்தால் சேச்சி முதலில் டிவி பிளக்கைத்தான் பிடுங்குவார். அன்று பிடுங்கவில்லை. வசனத்தை அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. கதை முடிகிற இடம். கோபித்துக்கொண்டு வெளியேறிய கதாநாயகி, அதே வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். உள்ளே வருவாளா, திரும்பிவிடுவாளா என்று எல்லாரும் அவள் முகத்தையே பார்க்கிறார்கள். அவள் வாயைத் திறந்தாள். கரண்ட் போய்விட்டது.

காத்திருந்தோம். வரவில்லை. எட்டு மணி அடித்தது. இரண்டரை வருஷக் கதை, கடைசி வார்த்தை எங்கள் இரண்டு பேருக்குமே கிடைக்கவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்போது இருட்டில் சேச்சி என் பக்கம் திரும்பியது தெரிந்தது.

"அவள் எந்தா பறஞ்ஞது?"

மெதுவாக, மலையாளத்திலேயே சொன்னேன். அடுத்த வீட்டுச் சேச்சி மட்டும் இல்லையென்றால் முதல் மாசமே ஊருக்கு ஓடியிருப்பேன் என்று சொல்கிறாள் என்றேன்.

அந்தச் சீரியலில் அடுத்த வீடு என்று ஒன்று வந்ததே இல்லை. சேச்சி வழக்கம்போல் திருத்திச் சொல்லவும் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு தமிழில் சொன்னார்.

"அப்ப நாளைக்கும் வரச் சொல்லு."

மறுநாள் குழாயடியில் ஒருத்தி கடைசிக் காட்சியை எனக்குச் சொல்ல வந்தாள். 'மதி' என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஏழரைக்குச் சேச்சி வீட்டுக்குப் போனேன். டிவி போடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.